கயாக் வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் மூன்றாம் மாடியில் வாடகை வீடு. கார் கிடையாது. மண்டபம் பக்கம் கடலில் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சின்னப் படகு) ஓட்ட ஆசை. மடக்குக் கயாக் வாங்குவதா, மடக்க முடியாத பிளாஸ்டிக் கயாக் வாங்குவதா?

பதில்: முதல் இரண்டு வரிகளிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். மதுரைக்காரருக்குப் படகைத் தண்ணீரில் ஓட்டும் நேரத்தைவிடத் தரையில் தூக்கிக்கொண்டு அலையும் நேரம்தான் அதிகம். மடக்குக் கயாக்கே வாங்குங்கள்.

கடலுக்கான பிளாஸ்டிக் கயாக் ஐந்து மீட்டர் வரை நீளும். எடை 25 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். உங்கள் மாடிப்படித் திருப்பத்தில் அது திரும்பாது. மொட்டை மாடியில் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால், சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் இளகி, அடிப்பாகம் உள்வாங்கிவிடும். ஒவ்வொரு முறையும் மண்டபத்துக்குக் குட்டியானை வண்டி பிடித்தால், வாடகை கொடுத்தே ஆசை அடங்கிவிடும். மடக்குக் கயாக் என்பது கழற்றக்கூடிய சட்டகத்தின் மேல் துணி உறை மாட்டிய படகு. கழற்றினால் மூட்டையாகிவிடும். ராமேஸ்வரம் ரயிலில் ஏற்றி, மண்டபத்தில் இறக்கலாம். இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை சாமான் இலவசம். ஒருவர் ஓட்டும் படகு அதற்குள் அடங்கும்.

தொல்லை இல்லையா? உண்டு. விலை நெஞ்சை அடைக்கும். கரைக்குப் போனதும் பூட்டவே அரை மணி நேரம் ஆகும். பழைய பாணிப் படகில் சட்டகம் இரண்டு பாதி. முன்பாதியை உறையின் மூக்கு வரை தள்ளி, பின்பாதியை வால் வரை தள்ளி, நடுவில் இரண்டும் சேரும் இடத்தைக் கையால் அமுக்க வேண்டும். ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும்போதுதான் தொளதொளவென்று கிடந்த உறை விறைத்துப் படகாகும். அதற்குள் நாலு மீனவர்கள் வந்து நின்று யோசனை சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், காற்றைப் பற்றி அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

திரும்பி வந்ததும் விட்டெறிந்துவிடக் கூடாது. சட்டகம் அலுமினியக் குழாய் என்றால், மூட்டுகளில் புகுந்த மணலும் உப்பும் இறுகி, ஒரு குழாய் மற்றதைக் கவ்விக்கொள்ளும். அடுத்த முறை சுத்தியல்தான் பேசும். நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் ஈரம் போகக் காயவைத்த பிறகே மூட்டை கட்டுங்கள். ஈரத்தோடு கட்டினால் துணி பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்காரரிடம் மொட்டை மாடிச் சாவிக்கு இப்போதே சொல்லிவையுங்கள். உங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வரும் நாளாகப் பார்த்துத் திரும்புவதும் நல்லது.

கேள்வி: துணியும் குச்சியும் கடலைத் தாங்குமா? நடுவில் மடங்கிக்கொண்டால்? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: ஜெர்மனியின் ரோசன்ஹைம் ஊரில் யோஹான் கிளெப்பர் 1907-லேயே மடக்குப் படகுகளைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டார். 1956-ல் ஹான்னஸ் லிண்டெமான் என்ற மருத்துவர், 5.2 மீட்டர் நீள கிளெப்பர் மடக்குப் படகில் பாய் கட்டி, 72 நாளில் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தார். அதற்கும் முன்னால், ஆஸ்கர் ஸ்பெக் 1932-ல் ஜெர்மனியிலிருந்து மடக்குப் படகில் கிளம்பி, இந்தியக் கரையோரமாகவும் வந்து, 1939-ல் ஆஸ்திரேலிய எல்லையைத் தொட்டார். உலகப் போர் தொடங்கிவிட்டதால் அங்கே அவரைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். படகு செய்த குற்றம் எதுவும் இல்லை!

பக்கவாட்டில் காற்றடைத்த குழாய் உள்ள மடக்குப் படகு சட்டென்று கவிழாது. அலைக்குக் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். வேகத்தில் மடக்க முடியாத கெட்டிப் படகுதான் முந்தும். பாறை, சிப்பி, பவளத்திட்டு என்று உரசும் இடங்களிலும் அதுவே ராஜா. காரங்காடு அலையாத்திக் காட்டுக்குப் போனால், வனத்துறை ஏற்பாட்டில் கிடைக்கும் கயாக்கிலேயே ஏறிக்கொள்ளுங்கள். உங்கள் உறையை வேர்களில் ஒட்டிக் கிடக்கும் சிப்பிகளுக்குப் பலி கொடுக்க வேண்டாம்.

எந்தப் படகானாலும் வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமும், கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமும் இறங்காதீர்கள். வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. மிதவைச் சட்டை போடாதவருக்கு என்னிடம் வேறு பதில் கிடையாது.

கேள்வி: பழகுவதற்கு மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய் போதாதா?

பதில்: மழை பெய்து நிறைந்தால் போதும். ஆனால் நீர்வளத் துறையிடம் கேட்காமல் இறங்காதீர்கள். கரையோரம் மூழ்கிக் கிடக்கும் சீமைக்கருவேல முள், துணி உறையைத் தேடி வந்து குத்தும். கண்மாய் மட்டும்தான் என்றால் பிளாஸ்டிக் கயாக், அதுவும் இரவல் வாங்கியது போதும்.