கார்டு சும்மா இருக்க, பிராசசரை ஏன் வதைக்க வேண்டும்?

சித்திரை பிறந்தால் வேலூரில் என் சர்வீஸ் கடைக்கு இரண்டு வகை நோயாளிகள் வருவார்கள். ஃபேனில் தூசி அடைத்து மூச்சுத் திணறும் சிபியு ஒன்று. விடுமுறைக்கு கேம் ஸ்ட்ரீமிங் ஆரம்பித்து, ‘படம் திக்குது அண்ணா’ என்று வந்து நிற்கும் பிள்ளைகள் இன்னொன்று. இந்த மாதத் தபாலிலும் பாதி அதுதான். அதனால் பிரிண்டர் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு.

கேள்வி: அண்ணா, கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரைசன் 5 5600 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம். வாலரண்ட் விளையாடி யூடியூப்பில் 1080, 60 பிரேமில், 6 மெகாபிட்டில் ஸ்ட்ரீம் செய்கிறேன். ‘பிராசசரில் ஓடும் எக்ஸ்264தான் தரம், கார்டில் என்கோட் செய்தால் (வீடியோவைச் சுருக்கினால்) படம் கலங்கும்’ என்று ரூம்மேட் சொன்னதால் பிராசசரில் ‘மீடியம்’ வைத்திருக்கிறேன். சண்டை சூடாகும்போது கேமும் திக்குகிறது, ஸ்ட்ரீமும் திக்குகிறது. எதை வைப்பது? — காட்பாடி வாசகர்

பதில்: கார்டில் வையுங்கள் தம்பி. உங்கள் ரூம்மேட் சொன்னது பொய் இல்லை, பழசு. அதே பழசை நானும் ஒருத்தர் தலையில் கட்டியிருக்கிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வேலை எவ்வளவு என்று பாருங்கள். 1080 படம் ஒன்றில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். நொடிக்கு 60 படம். சுருக்காமல் அனுப்பினால் நொடிக்குச் சுமார் 1,500 மெகாபிட் போக வேண்டும். நீங்கள் அனுப்புவதோ 6 மெகாபிட். அதாவது 250 பங்கில் ஒரு பங்காக நசுக்க வேண்டும், அதையும் விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே. எக்ஸ்264 இதைப் பிராசசரின் கோர்களில் செய்கிறது. ‘வெரிஃபாஸ்ட்’ என்றால் அவசரமாகத் தேடி நசுக்கும். ‘மீடியம்’ என்றால் பொறுமையாகத் தேடும், படம் தெளியும், ஆனால் வேலை பல மடங்கு. வாலரண்ட் வேறு கார்டைவிடப் பிராசசரை அதிகம் தின்னும் கேம். இரண்டும் ஒரே ஆறு கோரில் கை நீட்டினால் இரண்டும்தான் திக்கும். ஆம்பூரில் பிரியாணி மாஸ்டரையே பார்சலும் கட்டச் சொன்னால் என்ன ஆகும்? கரண்டி நிற்கும், வரிசையும் நிற்கும்.

உங்கள் கார்டில் பார்சல் கட்ட தனி ஆள் இருக்கிறார். பெயர் என்வென்க். கேமை வரையும் கோர்கள் வேறு, இது சிப்பின் ஓரத்தில் வீடியோ சுருக்குவதற்கென்றே செதுக்கிய தனி சுற்று. 2012இல் ஜிடிஎக்ஸ் 600 வரிசையோடு வந்தது. அந்தக் காலத்தில் குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்கு அனுப்பும் மெகாபிட் அளவு) புல்வெளி வந்தால் பச்சைச் சாந்து பூசியதுபோலத்தான் இருக்கும், ரூம்மேட் சொல்லும் கலங்கல் அதுதான். 2018இல் டூரிங் என்ற கார்டு தலைமுறை வந்தபோது இந்தச் சுற்றை நன்றாகத் திருத்தினார்கள். உங்கள் 1660 சூப்பர் அந்தத் தலைமுறை. அதே பிட்ரேட்டில் எக்ஸ்264இன் ‘ஃபாஸ்ட்’, ‘மீடியம்’ பக்கத்தில் வந்து நிற்கிறது. கேம் ஓடும்போது உங்கள் பிராசசர் உண்மையாகத் தாங்குவது ‘வெரிஃபாஸ்ட்’ மட்டும்தான். கார்டு அதைத் தாண்டிவிடும், பிறகு எதற்குப் பிராசசரை வதைப்பது?

யூடியூப் நீங்கள் அனுப்பியதை அப்படியே காட்டுவதும் இல்லை. மறுபடி தன் கையால் சுருக்கித்தான் காட்டும். அதனால் அங்கே கொஞ்சம் தாராளமாக அனுப்புங்கள். உங்கள் இணைப்பின் அப்லோடு வேகம் இடம் கொடுத்தால் 9 முதல் 12 மெகாபிட் வைக்கலாம். பிட்ரேட் ஏற ஏற இரண்டு என்கோடருக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ட்விட்சில் 6 மெகாபிட்டுக்குள் அடங்க வேண்டும் என்பவர்கள்தான் ‘ஃபாஸ்ட்’, ‘மீடியம்’ போன்ற ப்ரீசெட்டுக்காக இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பார்சல் ஆள் தனி என்றாலும் கடை வாசல் ஒன்றுதான். கேம் காட்சியையும் உங்கள் முகத்தையும் சாட் பெட்டியையும் ஒரே படமாக ஒட்டுவது ஓபிஎஸ் என்ற ஸ்ட்ரீமிங் மென்பொருள், அந்த ஒட்டு வேலை கார்டின் பொதுக் கோர்களில்தான் நடக்கிறது. கேம் கார்டை 99 சதவீதம் பிடித்துவைத்தால் ஓபிஎஸ்ஸுக்கு முறை வராது, கேம் வழுக்கிக்கொண்டு ஓடும், ஸ்ட்ரீம் மட்டும் திக்கும். அதனால் கேமில் பிரேம் எல்லை வையுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 300 பிரேம் ஓட்டி யாருக்கு லாபம்? ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் விண்டோஸ் அதற்கு முன்னுரிமை கொடுக்கும். என்கோடர் செட்டிங்கில் இருக்கும் ‘லுக்அஹெட்’, ‘சைக்கோ விஷுவல்’ இரண்டும் கார்டின் பொதுக் கோர்களைக் கொஞ்சம் கடிக்கும். கார்டு திணறினால் முதலில் அவற்றை அணையுங்கள். மற்றபடி அதே செட்டிங்கில் சிபிஆர் (ஒரே சீரான பிட்ரேட்), கீபிரேம் 2 நொடி, ப்ரீசெட் பி5, பி-பிரேம் 2. இதற்கு மேல் நோண்டாதீர்கள்.

அப்புறம் வெயில். ‘மீடியம்’ ஓடினால் பிராசசர் மணிக்கணக்காக முழு வேகத்தில் கொதிக்கும். நம் ஊரில் மே மாதம் வெளியே 40 டிகிரி தாண்டுகிறது, விடுதி அறையில் ஏசி எங்கே இருக்கிறது? சூடு எல்லை தொட்டால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிசம்பரில் ஓடிய செட்டிங் மே மாதத்தில் திக்குகிறது என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் செய்வது தூசி ஊதும் ப்ளோவரைக் கையில் எடுப்பதுதான்.

சொன்ன கதைக்கு வருகிறேன். 2017இல் ரைசன் வந்த புதிதில் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல 1060 கார்டு வைத்திருந்தார். ‘கார்டு என்கோடிங் குப்பை, எட்டு கோர் போடு’ என்று போர்டு, ராம் எல்லாம் மாற்ற வைத்தேன். இரண்டே வருடத்தில் டூரிங் கார்டும், அதற்காகத் திருத்திய ஓபிஎஸ்ஸும் வந்து என் மூக்கை உடைத்தன. இன்றைக்கும் லாங் பஜாரில் என்னைப் பார்த்தால் ‘என்ன எட்டு கோர் அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறார்.

கேள்வி: இன்டெல் ஐ5-10400, ஜிடி 1030. ஓபிஎஸ்ஸில் என்வென்க் என்ற வரியே வரவில்லை. டிரைவர் மூன்று முறை போட்டுவிட்டேன். கார்டு போலியா? — குடியாத்தம் வாசகர்

பதில்: போலி இல்லை. அந்தக் கார்டுக்குள் என்கோடரே கிடையாது. எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981இல் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குத் திரும்பி வந்துவிட்டார். 2021இல் பாலாறு கரை புரண்டது. ஜிடி 1030க்கு மட்டும் விமோசனம் இல்லை. நான்காவது முறை டிரைவர் போடாதீர்கள். விலை குறைவு என்று ரேடியான் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி பக்கம் போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், அவற்றிலும் என்கோடர் இல்லை. கேம் ஓடும், ஸ்ட்ரீமுக்குக் கை விரித்துவிடும்.

ஆனால் உங்களிடம் ஒரு புதையல் சும்மா கிடக்கிறது. உங்கள் பிராசசர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இல்லை. அதாவது உள்ளேயே இன்டெல் கிராபிக்ஸ் இருக்கிறது, அதற்குள் க்விக் சிங்க் என்ற என்கோடர் இருக்கிறது. தனிக் கார்டு செருகினால் பல போர்டுகள் அதைத் தூங்க வைத்துவிடும். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்) போய் உள் கிராபிக்ஸை ‘எனேபிள்’ செய்யுங்கள் (சில போர்டில் ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ என்றிருக்கும்). இன்டெல் டிரைவர் போட்டுவிட்டு ஓபிஎஸ்ஸைத் திறந்தால் க்விக் சிங்க் வரியாக நிற்கும். 720இல் ஸ்ட்ரீம் செய்யுங்கள், 1080இன் புள்ளிகளில் அது பாதிகூட இல்லை. ஒரு ரூபாய் செலவில்லை. ‘எஃப்’ போட்ட பிராசசரைக் கொஞ்சம் பணம் மிச்சம் என்று வாங்கியவர்களுக்கு இந்த வழி அடைத்துவிட்டது. அவர்கள் எக்ஸ்264 வெரிஃபாஸ்ட், 720, 30 பிரேம் என்று காலம் தள்ள வேண்டியதுதான்.

பழைய கார்டு வாங்கப் போனால் சாதா 1650 வேண்டாம், 1650 சூப்பர் பாருங்கள். பெயர் ஒன்றுபோல இருந்தாலும், முதலில் வந்த சாதா 1650இல் முந்தைய தலைமுறை என்கோடரைத்தான் வைத்தார்கள்.

கேள்வி: கேம் அல்ல, கல்யாணம். லேப்டாப்பில் கேமரா இணைத்து முகூர்த்தத்தை நேரலை செய்கிறேன். எட்டு கோர் பிராசசர், சின்ன கார்டும் இருக்கிறது. உங்கள் ஆலோசனை இங்கேயும் அதேதானா? — வாணியம்பாடி வாசகர்

பதில்: இல்லை. இங்கே பிராசசருக்கு வேறு வேலையே இல்லையே. கேம் கிடையாது, அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்264 ‘ஃபாஸ்ட்’ வைத்து 1080, 30 பிரேம் அனுப்புங்கள். சார்ஜரைக் கழற்றாதீர்கள், பேட்டரியில் பல லேப்டாப் பலம் குறைந்துதான் ஓடும்.

சோதிக்கும்போது வெறும் மேடையைக் காட்டி ‘சூப்பரா இருக்கு’ என்று திருப்திப்படாதீர்கள். மண்டபத்தில் உட்கார்ந்து வாசிக்கும் மேளக்காரர் என்கோடருக்குப் பெரிய பாரமில்லை. தாலி கட்டும் நிமிடம்தான் பரீட்சை. நூறு பேர் ஒரே நேரத்தில் அட்சதை தூவுவார்கள். ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு பக்கம் பறக்கும், முந்தின படத்திலிருந்து கடன் வாங்க என்கோடருக்கு எதுவும் மிஞ்சாது. ஊரே பார்க்கக் காத்திருந்த அந்த மூன்று நொடிதான் கட்டம் கட்டமாக உடையும். எந்த என்கோடரும் இதற்கு மந்திரம் வைத்திருக்கவில்லை, பிட்ரேட்டில் முன்கூட்டியே இடம் விட வேண்டும். முந்தின நாள் மண்டபத்திலேயே ஒருவரை நிறுத்தி உதிரிப் பூவைத் தூவச் சொல்லிப் பாருங்கள். பதிவை மட்டும் தனியாகக் கார்டுக்கு விடுங்கள், ஸ்ட்ரீம் உடைந்தாலும் வீட்டாருக்குக் கொடுக்க நல்ல கோப்பு ஒன்று இருக்கும்.

கேள்வி: ஏவி1 என்ற புது வீடியோ சுருக்கும் முறை வந்துவிட்டதே, இன்னுமா எச்.264 என்ற பழைய முறை? — ஆரணி வாசகர்

பதில்: உங்களிடம் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோ, ஆர்எக்ஸ் 7000 வரிசையோ, இன்டெல் ஆர்க்கோ இருந்தால் தாராளமாக. மூன்றும் 2022இல் வந்தவை. ஓபிஎஸ் 29.1 முதல் யூடியூப்புக்கு ஏவி1 அனுப்பலாம், குறைந்த பிட்ரேட்டில் படம் நன்றாகவே இருக்கிறது. இதற்காக மட்டும் ஓடுகிற கார்டை விற்க வேண்டாம்.

கேள்வி: தம்பி, என் மகன் மாடி அறையில் உட்கார்ந்து கேம் ஸ்ட்ரீம் செய்கிறான். படம் அடிக்கடி நின்று நின்று போகிறதாம், புது கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று பத்து நாளாகச் சாப்பாட்டில் கை வைக்க மாட்டேன் என்கிறான். வாங்கித் தரலாமா? — ராணிப்பேட்டை அம்மா ஒருவர்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. ஸ்ட்ரீம் ஓடும்போது மகனை ஓபிஎஸ்ஸில் ‘ஸ்டாட்ஸ்’ பலகையைத் திறக்கச் சொல்லுங்கள். அதில் மூன்று எண்கள் இருக்கும். ‘ரெண்டரிங் லேக்’ ஏறினால் கார்டு மூச்சு வாங்குகிறது. ‘என்கோடிங் லேக்’ ஏறினால் என்கோடர் பிந்துகிறது. ‘நெட்வொர்க்’ என்ற வரியில் டிராப் ஆன பிரேம் ஏறினால் கணினிக்குள் ஒரு குறையும் இல்லை, கோளாறு வெளியே போகும் வழியில். கடைக்கு வரும் பிள்ளைகள் மூன்றையும் ‘லேக்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள், அப்புறம் தப்பான சாமானை வாங்குகிறார்கள்.

மாடி அறை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் மூன்றாவதாக இருக்கும் என்றுதான் என் சந்தேகம். ரூட்டர் கீழே ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கிறதா? நடுவில் கான்கிரீட் தளம் இருக்கிறதா? ஒய்ஃபையை நம்ப வேண்டாம், ரூட்டரிலிருந்து மாடிக்கு ஒரு லேன் ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் செய்கிறான் என்றால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். 6 மெகாபிட்டில் மூன்று மணி நேரம் ஓடினால் 8 ஜிபி கரைந்துவிடும், நாள் டேட்டா தீர்ந்ததும் வேகம் விழும்.

ஒயர் இழுத்த பிறகும் முதல் இரண்டு எண்ணில் ஏதாவது ஏறினால், என்ன கார்டு, என்ன பிராசசர் என்று எழுதிப் போடுங்கள். கார்டைப் பற்றி அப்போது பேசுவோம். இன்று இரவு அவனைச் சாப்பிடச் சொல்லுங்கள்.