டாலர் நாணயங்களின் அச்சு வேறுபாடுகள்: ஓய்வுக்காலப் பணத்தை எடுத்து வாங்கலாமா?

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன்; வயது 54. ஆறு ஆண்டுகளாக அமெரிக்காவின் தற்கால ஒரு டாலர் நாணயங்களில் அச்சு வேறுபாடு உள்ளவற்றை (நாணயத்தை அடிக்கும் அச்சிலேயே உள்ள குறையோ மாற்றமோ பதிந்தவற்றை) தேடிச் சேர்த்து வருகிறேன். வங்கி தரும் நாணயச் சுருள்களான ரோல்களில் தேடியதில், கழுகின் வயிற்றில் கோடு பாய்ந்த 2000-பி (பிலடெல்பியா நாணயச்சாலை) சகாகவியா டாலர் நாணயம் ஒன்றும், விளிம்பு எழுத்துகள் தலைகீழாக உள்ள 2007 வாஷிங்டன் நாணயங்கள் சிலவும் கிடைத்தன. இப்போது எனக்குத் தெரிந்த மூத்த சேகரிப்பாளர் ஒருவர், தரச்சான்றுப் பெட்டியில் (தரமதிப்பீட்டு நிறுவனம் முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையில்) உள்ள 41 நாணயங்களை மொத்தமாக 22,000 டாலருக்குத் தர முன்வந்திருக்கிறார். விலைப்பட்டியலின்படி அவற்றின் மதிப்பு 31,000 டாலர். பட்டியலை இணைத்துள்ளேன். கையில் அவ்வளவு பணம் இல்லை. ஐஆர்ஏ என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்து வாங்கலாமா? இதை முதலீடாகக் கருதலாமா?

பதில்: ஐஆர்ஏ பணத்தைத் தொட வேண்டாம். காரணத்தை உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் மரபுவழி ஐஆர்ஏவிலிருந்து பணம் எடுத்தால், அந்தத் தொகை உங்கள் வருமானத்தோடு சேர்வதோடு, பெரும்பாலும் 10 சதவீதக் கூடுதல் வரியும் விழும். நீங்கள் கூட்டாட்சி வருமான வரியில் 22 சதவீதப் படியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், எடுக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் கையில் நிற்பது 68 டாலர்தான். அப்படியானால் 22,000 டாலர் கைக்கு வர, கணக்கிலிருந்து ஏறத்தாழ 32,350 டாலர் வெளியேற வேண்டும். மாநில வரி இருந்தால் அது தனி. விலைப்பட்டியல் சொல்லும் 31,000 டாலரைவிட இதுவே அதிகம். மலிவாகக் கிடைக்கிறது என்று நீங்கள் நினைக்கும் பொருளைப் பட்டியல் விலைக்கும் மேலே கொடுத்து வாங்குகிறீர்கள்.

ஐஆர்ஏ கணக்கின் பெயரிலேயே நாணயங்களை வாங்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். வரிச் சட்டத்தின் 408(எம்) பிரிவு, ஐஆர்ஏ வழியாகச் சேகரிப்புப் பொருள் வாங்கினால், அந்தத் தொகையை நீங்கள் எடுத்துக்கொண்டதாகவே கருதுகிறது. தங்கம், வெள்ளியில் வரும் அமெரிக்க ஈகிள் போன்ற சில நாணயங்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் ஐசனோவர், சூசன் அந்தோனி, சகாகவியா டாலர்களுக்கு இல்லை. விதிவிலக்கு உள்ள ஈகிள் நாணயங்களைக்கூட வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்ட ஒருவருக்கு எதிராகத்தான் 2021-இல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி, இது முதலீடா என்ற கேள்வி. ஒரு நாணயம் எத்தனை இருக்கிறது என்பதையே சேகரிப்பாளர்கள் எப்போதும் பேசுகிறார்கள். அதை வாங்க எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை யாரும் எண்ணுவதில்லை. 2000-ஆம் ஆண்டில் சீரியோஸ் என்னும் காலை உணவுப் பெட்டிகளுக்குள் வைக்கப்பட்ட 5,500 சகாகவியா நாணயங்கள் நினைவிருக்கும். கழுகின் வால் சிறகுகளில் கூடுதல் நுணுக்கம் உள்ள முன்மாதிரி அச்சில் அவற்றில் பல அடிக்கப்பட்டவை என்பது 2005-இல்தான் தெரியவந்தது. இன்று அத்தகையவை ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகக் காரணம் எண்ணிக்கைக் குறைவு மட்டும் இல்லை. காலை உணவுப் பெட்டியில் வந்த நாணயம் என்ற கதை, அச்சு வேறுபாட்டைப் பற்றி எதுவும் அறியாதவரையும் ஏலத்துக்கு இழுத்து வருகிறது. அதே ஆண்டின் வேறொரு அச்சில் மெல்லிய விரிசல் இருந்து, அதிலிருந்து வந்த நாணயங்கள் ஐந்நூறே மிஞ்சியிருந்தாலும், அதைத் தேடுபவர் நாடு முழுவதும் முப்பது பேர் என்றால், முப்பத்தொன்றாவது நாணயத்தை யாரிடம் விற்பது?

2007-இல் நடந்ததையும் பாருங்கள். அந்த ஆண்டின் வாஷிங்டன் டாலர்களில் ஆண்டு, நாணயச்சாலைக் குறி, ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகம் எல்லாம் விளிம்பில்தான் பொறிக்கப்பட்டன. முகப்பை அடித்த பிறகு தனி இயந்திரம் ஒன்று விளிம்பு எழுத்தைப் பதிக்கும். அந்த இயந்திரத்துக்குள் போகாமலேயே ஏராளமான நாணயங்கள் வெளியேறிவிட்டன. ‘கடவுள் இல்லாத டாலர்’ என்று செய்தி பரவிய முதல் நாட்களில் ஈபேயில் ஒரு நாணயம் நூற்றுக்கணக்கான டாலருக்குப் போயிற்று. பிறகு பல்லாயிரக்கணக்கில் வெளிவரவே, விலை நூறுக்கும் கீழே இறங்கியது. அந்த முதல் வாரங்களில் வாங்கி வைத்தவர் ஒருவரின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். அவர் இன்னும் அந்த விலை திரும்பும் என்றே காத்திருக்கிறார். கண்டிப்பாகச் சொன்னால் இது அச்சு வேறுபாடே இல்லை, செய்பிழை. அச்சில் உள்ள குறை அந்த அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு நாணயத்திலும் திரும்பத் திரும்ப வரும்; பிழையோ தனித்தனி நாணயத்துக்கு நேர்வது. வாங்குபவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம், ஏனெனில் முதலாவதை எண்ணும் கணக்கும் இரண்டாவதை எண்ணும் கணக்கும் ஒன்றல்ல.

உங்கள் கையில் உள்ளவற்றுக்கு வருகிறேன். விளிம்பு எழுத்து தலைகீழாக உள்ள நாணயங்களை வங்கியில் போட்டுவிடுங்கள். புழக்கத்துக்கான நாணயங்கள் முகம் மேலா கீழா என்று பாராமல்தான் விளிம்பு இயந்திரத்துக்குள் விழுந்தன; ஆகவே ஏறக்குறைய பாதி ஒரு விதமாகவும் மறுபாதி வேறு விதமாகவும் இருக்கும். சிலர் இவற்றை இரண்டு வகைகளாகப் பெயரிட்டு விற்கிறார்கள். அதற்குக் காசு கொடுப்பது வீண்.

கோடு பாய்ந்த கழுகு வேறு கதை. ‘காயம்பட்ட கழுகு’ என்று பெயர் பெற்ற, தரச்சான்று நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட வேறுபாடு அது. பத்து மடங்கு லென்ஸை எடுத்து, விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, நாணயத்தை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அந்தக் கோடு உலோகத்திலிருந்து மேலெழுந்து நிற்க வேண்டும், ஏனெனில் அச்சில் விழுந்த கீறல் நாணயத்தில் மேடாகத்தான் பதியும். பள்ளமாக இருந்தால் அது யாரோ சாவியோடு சேர்த்துப் பையில் போட்டதால் வந்த கீறல். மிக நீளமான கோடு, வயிற்றின் குறுக்கே முன்னாலிருந்து பின்னால் வரை, ஈட்டி பாய்ந்ததுபோல் செல்லும். அப்படியே இருந்தால் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பி வேறுபாட்டின் பெயரையும் சான்றில் சேர்க்கச் சொல்லுங்கள். தரமதிப்பீடு, பெயரிடும் கட்டணம், காப்பீட்டோடு கூடிய அஞ்சல் எல்லாம் சேர்ந்து ஒரு நாணயத்துக்கு ஐம்பது டாலரைத் தாண்டிவிடும் என்பதால், தேய்ந்த நாணயத்துக்கு இதைச் செய்ய வேண்டாம்.

இந்த ஒரு நாணயத்துக்கு நீங்கள் கொடுத்தது ஒரு டாலர். ரோலில் தேடும்போது கிடைக்கும் அனுகூலம் இதுதான்: இருபத்தைந்து நாணயமும் வெறுமையாகப் போனாலும் 25 டாலர் அப்படியே இருக்கும், போவது நேரமும் வண்டிச் செலவும் மட்டுமே. (இந்த அடிப்படையை வேறு விதமாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. நாணயச்சாலை முகமதிப்புக்கே டாலர் நாணயங்களை இலவசமாக வீட்டுக்கு அனுப்பிய காலத்தில், கடன் அட்டையில் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே வங்கியில் கட்டி, விமானப் பயணப் புள்ளிகளைச் சேர்த்தார்கள். 2011-இல் கடன் அட்டை நிறுத்தப்பட்டதோடு அந்த வித்தை முடிந்தது.) கண்டுபிடிப்பவரின் கண்ணுக்குக் கிடைக்கும் கூலிதான் இந்தத் துறையின் லாபம். தரச்சான்றுப் பெட்டிக்குள் போய், பெயர் அச்சாகி, விலைப்பட்டியலிலும் ஏறிய பிறகு நீங்கள் வாங்குகிறீர்கள் என்றால், அந்தக் கூலியை ஏற்கெனவே வேறொருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

விலைப்பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பட்டியலில் உள்ளது சில்லறையாக வாங்குபவர் கொடுக்கக்கூடிய விலை. வியாபாரி உங்களிடமிருந்து எடுக்கும்போது தன் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார். ஏலத்துக்குப் போனால், வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணமும் விற்பவரின் கழிவும் இடையில் உண்டு. 31,000 டாலர் என்று எழுதியிருக்கும் தொகுப்பை ஓராண்டுக்குள் விற்க நேர்ந்தால், 22,000 திரும்பினாலே நல்ல விற்பனை என்று நான் நினைப்பேன். லாபமே வந்தாலும், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த சேகரிப்புப் பொருளின் ஆதாயத்துக்குக் கூட்டாட்சி வரி 28 சதவீதம் வரை போகலாம். பங்குகளுக்கு உள்ள 15, 20 சதவீத உச்சவரம்பு இதற்கில்லை. பொழுதுபோக்காகச் சேர்த்ததில் நட்டம் வந்தால், அதைப் பொதுவாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது. வீட்டுக் காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள். பல திட்டங்களில் நாணயங்களுக்கான இழப்பீடு 200 டாலர் அளவிலேயே நின்றுவிடும். நீங்கள் ஆறு ஆண்டுகளாகச் சேர்த்தவற்றுக்கே தனிக் காப்பீடு தேவைப்படும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஒரு சீரியோஸ் நாணயம், 1972 ஐசனோவர் இரண்டாம் வகை மூன்று, காயம்பட்ட கழுகு ஐந்து, 1979-பி சூசன் அந்தோனி அகல விளிம்பு பதினான்கு, எஞ்சிய பதினெட்டு சிறு விரிசல்களும் லேசான இரட்டைப் பதிவுகளும் (உருவம் அச்சிலேயே இருமுறை பதிந்தவை). சீரியோஸ் நாணயமும் 1972 நாணயங்களும் எப்போதும் ஆள் தேடி வரும் பொருள்கள். புளோரிடாவுக்குக் கீழே உள்ள தீவுகளின் வடிவத்தை வைத்து அடையாளம் காணும் அந்த 1972 வகையை, ஐசனோவர் டாலரை முழுத் தொகுப்பாகச் சேர்க்கும் ஒவ்வொருவரும் ஒரு நாள் தேட வேண்டியிருக்கும். அகல விளிம்பு நாணயத்துக்கும் வாங்க ஆள் உண்டு, ஆனால் ஒருவருக்கு ஒன்று போதும். பதினான்கை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? கடைசிப் பதினெட்டைத்தான் நான் முற்றிலும் ஒதுக்குவேன். 1990-களின் பிற்பகுதியில் அச்சு தயாரிக்கும் முறை ஒரே அழுத்தமாக மாறியபின் வந்த உண்மையான இரட்டைப் பதிவுகள் பெரும்பாலும் வடிவத்தின் நடுப்பகுதியில்தான் தெரியும். ஓரத்து எழுத்தில் படிக்கட்டுபோல் தட்டையாகத் தெரிவது, அடிக்கும் நேரத்தில் அச்சு நகர்ந்ததன் தடம், அதற்கு விலை கிடையாது.

ஆகவே மொத்தமாக வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஆறு மாத வீட்டுச் செலவுக்கான இருப்பும் இந்த ஆண்டுக்கான ஓய்வுக்காலச் சேமிப்பும் முடிந்து, அதன் பிறகும் கையில் மிஞ்சும் பணத்தில், 1972 வகையில் ஒன்றையும் உங்களிடம் இல்லாவிட்டால் அகல விளிம்பில் ஒன்றையும் தனித்தனியாக விலை கேளுங்கள். சான்று எண்களை வாங்கி நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்த்து, அதே தரத்தில் கடைசியாக நடந்த ஐந்தாறு ஏல முடிவுகளோடு ஒப்பிட்டு, ரசீதில் தேதியையும் தொகையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீரியோஸ் நாணயத்தை அவர் பிரித்துக் கொடுக்க மறுப்பார் என்றே எதிர்பார்க்கிறேன். மறுத்தால், அந்த 22,000 டாலரில் பெரும்பகுதி எந்த நாணயத்துக்கு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.