பட்டறைக் கேள்வி–பதில்: அலுமினியத்துக்குள் ஸ்டீல்

கேள்வி: மகளை ரைஃபிள் பயிற்சிக்காகக் கோவைக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே ஒரு ரைஃபிளின் உடம்பே அலுமினியம், உள்ளே ஸ்டீல் இன்சர்ட் இருக்கிறது என்றார்கள். சுடும்போது அலுமினியம் தாங்குமா? அந்த ஸ்டீலை எப்படி உள்ளே பொருத்துகிறார்கள்?
— வாசகர், பெருந்துறை

பதில்: தாங்குகிற வேலையை அலுமினியத்திடம் கொடுப்பதே இல்லைங்க. தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கிற துண்டுதான் போல்ட். அதன் காதுகள் ஸ்டீலில்தான் போய்ப் பூட்டிக்கொள்ளும். 1950-களில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ரைஃபிளில் அந்த ஸ்டீல், குழலின் பின்முனையில் இருக்கும். வேறு சிலவற்றில் உடம்புக்குள் இன்சர்ட்டாக இருக்கும். சுடும் அழுத்தம் ஸ்டீலோடு முடிந்துவிடும்.

பொருத்துவது, நம் ஊரில் அலுமினிய ஹவுசிங்கில், அதாவது வெளிக்கூட்டில், புஷ் என்கிற ஸ்டீல் வளையத்தை இறக்குகிற அதே கதைதான். சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியும். 30 மி.மீ. துளையை 150 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் 0.1 மி.மீ. அகலும். புஷ்ஷைத் துளையைவிட 0.04 மி.மீ. பெரிதாகக் கடைந்திருந்தால் 'டொக்' என்று உள்ளே விழும். ஆறிய பிறகு சுத்தியலுக்கும் அசையாது. உள்விட்டத்தை மட்டும் பொருத்திய பிறகுதான் முடிக்க வேண்டும். முன்பே முடித்தால் இறுக்கத்தில் சுருங்கிவிடும்.

கோவை கணபதியில் நான் தொழில் பழகியபோது, அடுப்பு காலியில்லை என்று கேஸ் டார்ச்சைக் காட்டினேன். ஒரு பக்கம் மட்டும் சூடேறி, புஷ் சாய்ந்து பாதியில் கடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் போச்சு, ஹவுசிங்கும் போச்சு. முதலாளி திட்டவில்லை. அதை அப்படியே என் லேத் மேல் வைத்துவிட்டுப் போனார். ஒரு மாசம் அங்கேயே கிடந்தது.

டார்ச்சில் இன்னொரு வினையும் உண்டு. 7075 போன்ற அலுமினிய ரகங்களை 120 டிகிரி பக்கம் பதப்படுத்தித்தான் கெட்டியாக்குகிறார்கள். அதைத் தாண்டிச் சூடேற்றினால் கெட்டித்தன்மை குறைந்துபோகும். அதனால் அந்த மாதிரி ரகங்களில் அலுமினியத்தைச் சூடேற்றாமல், ஸ்டீலைத் திரவ நைட்ரஜனில் முக்கிச் சுருக்கி இறக்குவதும் உண்டு. அப்புறம், குண்டு சுடச்சுட ரைஃபிளின் உடம்பு சூடாகுமே, அப்போது பிடி தளரும். அதற்குத்தான் லாக்டைட் மாதிரிப் பசையோ, குறுக்கே ஒரு பின்னோ.

பட்டறை கைவசம் இருக்கிறதே என்று நீங்கள் துப்பாக்கியில் கை வைத்துவிடாதீர்கள். 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். மகள் பழகுவது 10 மீட்டர் ஏர் ரைஃபிள் என்றால் அலுமினியம் தாங்குமா என்கிற கவலையே வேண்டாம். அதில் மருந்து வெடிப்பதில்லை, காற்றுதான் 4.5 மி.மீ. குண்டைத் தள்ளுகிறது.