அம்மா நேர்ந்துவிட்டதுக்காக நான் சாமியாராகணுமா?

வாசகர் கேள்விகளுக்கு ஃபாதர் பதில்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, இறையழைத்தல் முகாம் நடக்குற நேரம்ங்கிறதால இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல குருமடம், அதாவது சாமியாராகப் படிக்கிற இடம், பத்திதான் இருக்கு. நாலு பேருக்கு பதில் சொல்றேன், முதல் தம்பிக்குக் கொஞ்சம் நீளமாவே சொல்லணும்.

கேள்வி: ஃபாதர், எனக்கு வயசு 23, சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளி பக்கம். நான் குறைமாசத்துல பொறந்து மூச்சுத் திணறி, டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்களாம். அப்ப எங்கம்மா வேளாங்கண்ணிக்குப் போய், இவன் பொழைச்சா உனக்கே குடுத்துடறேன்னு மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டாங்க. இப்ப பி.இ. முடிச்சு ஓசூர்ல வேலை பாக்குறேன், கல்விக் கடன் பாக்கி இருக்கு. அம்மா போன் பண்றப்பல்லாம் எப்படா குருமடம் போவன்னு கேக்குறாங்க. எனக்கும் அப்பப்ப ஆசை வருது, ஆனா அது என் ஆசையா அம்மாவோட ஆசையான்னு பிரிச்சுப் பாக்கத் தெரியல. போகலன்னா ஏதாவது கெட்டது நடந்துடுமோன்னு பயமாவும் இருக்கு.

பதில்: தம்பி, முதல்ல அந்த பயத்தை இறக்கி வையுங்க, அது உள்ள இருக்குற வரைக்கும் வேற எதையும் நிதானமா யோசிக்க முடியாது. திருச்சபைச் சட்டம் 1193ம் எண்ணுல சொல்லியிருக்கு, ஒரு நேர்ச்சை அதைச் செஞ்சவங்களை மட்டும்தான் கட்டும். அதனால உங்கம்மா வச்ச நேர்ச்சை உங்கம்மாவோடது, உங்களை அது கட்டாது. கல்யாணம் பண்ணா மாதா கோவிச்சுக்குவாங்க, வண்டில அடிபடும், பொறக்குற புள்ளைக்கு ஏதாவது ஆகும்னு யாராவது சொன்னாங்கன்னா காதுல வாங்காதீங்க, அது நம்ம விசுவாசம் கிடையாது.

அதுக்காக உங்கம்மாவைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரல. வேளாங்கண்ணியில மாதா குளத்துக்குப் போற மணல் பாதையில தாய்மாருங்க முழங்கால்லயே போறதைப் பாத்திருப்பீங்க, உச்சி வெயில்ல மணல் சுடுது, சேலையை முழங்காலுக்கு அடியில மடிச்சுக் குடுத்துக்கிட்டு, கையில மெழுகுவத்தி, தோள்ல கொழந்தை, பின்னாடியே ஒரு பாட்டி தண்ணி பாட்டிலோட வரும். அந்த நேரத்துல ஒரு தாய்கிட்ட என்ன கேட்டாலும் குடுத்துடுவா. அவங்க வேண்டுதல்ல இருந்த அன்பு நெசம், ஆனா அவங்க குடுத்தது உங்க வாழ்க்கையைப் பத்தின வாக்கு, அதை நீங்கதான் குடுக்க முடியும். இத்தனை வருஷமா அவங்களும் அதைச் சுமந்துக்கிட்டேதான் இருக்காங்க, அவங்களுக்கும் ஒரு வழி இருக்கு. தனிப்பட்ட நேர்ச்சைக்கு, நியாயமான காரணம் இருந்தா பங்குச் சாமியாரே விலக்கு குடுக்கலாம், இல்லன்னா அதுக்குச் சமமான இல்ல அதைவிட நல்ல வேற ஒரு காரியமா அவங்களே மாத்திக்கலாம், ஒரு ஏழை குருமட மாணவனோட படிப்புக்கு உதவுறது மாதிரி. அடுத்த தடவை ஊருக்கு வர்றப்ப அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு சாயங்காலம் சாமியார் தங்குற பங்களாவுக்குப் போய் அவர்கிட்ட உக்காந்து பேசுங்க, நீங்க தனியா சொல்றதைவிட சாமியார் வாயால கேட்டாதான் அம்மா மனசு ஆறும்.

பயம் போனதுக்கப்புறம் அந்த ஆசை நிக்குதான்னு பாருங்க. இயேசு சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியார் 1521ல பாம்பலோனா கோட்டைச் சண்டையில கால்ல குண்டடிபட்டு படுக்கையில கிடந்தப்ப, படைவீரனா பேர் வாங்குறதைப் பத்தி நினைப்பாரு, புனிதர்கள் மாதிரி வாழுறதைப் பத்தியும் நினைப்பாரு. நினைக்கும்போது ரெண்டுமே இனிக்கும், ஆனா நினைச்சு முடிச்ச பிறகு முதல்ல சொன்னது மனசை வறட்சியா விட்டுட்டுப் போகும், ரெண்டாவது சொன்னது சந்தோஷத்தை விட்டுட்டுப் போகும், இந்த வித்தியாசத்தைக் கவனிச்சுதான் அவர் தன் வழியைப் பிடிச்சாரு. நீங்களும் அதைச் செய்யலாம், ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு வரி எழுதி வையுங்க, இன்னைக்கு எந்த நினைப்பு வந்துது, அது போனதுக்கப்புறம் மனசு எப்படி இருந்துதுன்னு. மனசு இருட்டா இருக்குற நாள்ல, முன்னாடி எடுத்த முடிவை மாத்தக் கூடாதுங்கிறதும் இஞ்ஞாசியார் சொன்னதுதான், வேலையில மேனேஜர் திட்டின அன்னைக்கு குருமடத்துக்கு அப்ளிகேஷன் போடாதீங்க.

சாமியார் வாழ்க்கையை பீடத்துல மட்டும் பாத்து ஆசைப்படுற பசங்க நிறைய பேர். ஓசூர்ல உங்க பங்குச் சாமியார் மாசத்து முதல் வெள்ளிக்கு நோயாளிங்களுக்கு நன்மை (நற்கருணை) குடுக்கப் போறப்ப கூடவே போங்க. படுக்கையில வருஷக்கணக்கா கிடக்குற ஒரு பெரியவர் சாமியார் கையை விடாம பிடிச்சுக்கிட்டு ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வாரு, அந்த வீட்டு வாடையோட அந்த ரூம்ல உக்கார உங்களுக்குப் பிடிக்குதா? ஐப்பசி மழையில வாய்க்கால் நிரம்பி ரோடு முங்குனப்ப கிளை ஊருக்கு பூசைக்குப் போய், கோயில்ல பத்து பேர்கூட இல்லாம, திரும்பி வந்து ராத்திரி தனியா சாப்பிடுறது, பிஷப் திடீர்னு வேற ஊருக்கு மாத்துனா பெட்டியைக் கட்டுறது, மனைவி புள்ளைன்னு ஒரு வீடு இல்லாம இருக்குறது, இதையெல்லாம் நெனைச்சுப் பாருங்க. இதையெல்லாம் பாத்த பிறகும் உள்ளுக்குள்ள ஒரு இழுப்பு இருந்தா அதை நான் பெருசா மதிக்கிறேன்.

நடைமுறையையும் சொல்லிடறேன். முதல்ல ஆயத்த ஆண்டு, அது குறைஞ்சது ஒரு வருஷம், அப்புறம் தத்துவம் ரெண்டு மூணு வருஷம், இறையியல் நாலு வருஷம், நடுவுல பங்குல போய் களப்பணி. ஆக இப்ப சேந்தா குருப்பட்டம் வாங்குறப்ப முப்பது தாண்டியிருக்கும். ஞானஸ்நானம், உறுதிபூசுதல் சர்டிபிகேட், பங்குச் சாமியார் கடிதம் கேப்பாங்க, வீட்டுக்கும் வந்து பாப்பாங்க. கடன் விஷயத்தை மறைக்காதீங்க, அடைக்க முடியாத கடன் இருக்குறவங்களைத் துறவற சபைங்க நவசந்நியாசத்துல, அதாவது ஆரம்பப் பயிற்சியில, சேக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, மறைமாவட்டத்துலயும் கேப்பாங்க. வேலையில இருந்துக்கிட்டே அடைச்சு முடிங்க, அந்தக் காலமும் வீணாப் போகாது.

இன்னொன்னு, பட்டம் வாங்கப் போறவங்க ஒவ்வொருத்தரும் நான் என் சொந்த விருப்பத்துல, சுதந்திரமா வர்றேன்னு தன் கையெழுத்துலயே எழுதி ஒப்பம் போட்டுக் குடுக்கணும். டைப் பண்ணி வச்ச பாரத்துல கையெழுத்துப் போடுற கதை இல்ல, ஒவ்வொரு எழுத்தையும் நீங்களே எழுதணும். யாரையும் வற்புறுத்தி பட்டத்துக்கு அனுப்பக் கூடாதுன்னும் சட்டம் சொல்லுது. அந்தத் தாள்ல எங்கம்மா வேண்டிக்கிட்டாங்கன்னு எழுத இடமே கிடையாது தம்பி. அன்னைக்கு அந்த வார்த்தையை உண்மையா எழுத முடியுமான்னு இப்பவே யோசிக்க ஆரம்பிங்க.

கேள்வி: கும்பகோணத்துல பேங்க் வேலை, வயசு 44, ரெண்டு பிள்ளைங்க. மும்பையில தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப அவங்க கோயில்ல கல்யாணமான டீக்கன் (குருப்பட்டத்துக்கு முந்தின பட்டம் வாங்கின திருத்தொண்டர்) ஒருத்தர் பிரசங்கம் வச்சாரு. நானும் அப்படி ஆக முடியுமா?

பதில்: சார், சட்டப்படி உங்க வயசும் கல்யாணமும் தடை இல்ல. நம்ம பக்கம் நாம பாக்குற டீக்கன்கள் பெரும்பாலும் அடுத்த சில மாசத்துல குருவாகப் போறவங்கங்கிறதால இது புதுசாத் தெரியுது, ஆனா ஸ்தேவானும் லாரன்சும் திருத்தொண்டராவே இருந்து உயிரைக் குடுத்தவங்கதான். ரெண்டாம் வத்திக்கான் சங்கம் நிரந்தர திருத்தொண்டு முறையை மறுபடி கொண்டுவரலாம்னு சொல்லி, 1967ல பாப்பரசர் ஆறாம் பவுல் அதுக்கு விதிமுறை குடுத்தாரு. கல்யாணமானவருக்கு 35 வயசு முடிஞ்சிருக்கணும், மூணு வருஷப் பயிற்சி, மனைவி சம்மதம் கட்டாயம். ஞானஸ்நானம் குடுக்கலாம், கல்யாணம் நடத்தி வைக்கலாம், பிரசங்கம், அடக்கச் சடங்கு எல்லாம் செய்யலாம், ஆனா பூசை, பாவசங்கீர்த்தனம், நோயில்பூசுதல் கிடையாது. பட்டத்துக்கப்புறம் மனைவி தவறிட்டா பொதுவா மறுமணம் செய்ய முடியாது, இதை அவங்களோட உக்காந்து வெளிப்படையாப் பேசுங்க.

இந்த முறையைத் தன் மறைமாவட்டத்துல வைக்கிறதா வேண்டாமான்னு பிஷப்தான் முடிவு பண்றாரு, அதனால பிஷப் ஹவுஸ்ல நேர்லயே கேட்டுடுங்க. பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்காதீங்க, மறைக்கல்வி வகுப்பு எடுக்க எல்லாப் பங்குலயும் ஆள் தேவைப்படுது, திருத்தொண்டுன்னா அடிப்படையில சேவைதானே சார்.

கேள்வி: ஒரே பையன், மூணு ஏக்கர் நெலம், குருமடம் போறேங்கிறான். நான் தடுக்கலாமா? (திருவையாறு)

பதில்: அய்யா, உங்க கவலை நியாயம். ஒரே பையன்ங்கிறது சட்டத்துல தடை இல்ல, ஆனா உங்களை வயசான காலத்துல யார் பாப்பாங்கன்னு குருமடத்துலயும் கேப்பாங்க, அவன்கிட்ட நீங்களும் கேளுங்க, உரிமையாக் கேளுங்க. செத்துருவேன், விஷம் குடிப்பேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்படி நிறுத்துனா அவன் வயல்ல நின்னாலும் மனசு அங்க நிக்காது. ஒரு சம்பா அறுவடை முடியட்டும், அதுக்கப்புறம் பேசுவோம்னு தவணை கேளுங்க, உண்மையான அழைப்பு அதுக்குள்ள செத்துப் போயிடாது.

கேள்வி: ஆறு வருஷம் படிச்சிட்டு நானாவே குருமடத்தை விட்டு வந்துட்டேன். ஊர்ல ஓடி வந்தவன்னு பேசுறாங்க. பொண்ணு பாக்கப் போன இடத்துல என்ன தப்புப் பண்ணான்னு அனுப்புனாங்கன்னு கேட்டாங்க. ரொம்ப வலிக்குது ஃபாதர். (மன்னார்குடி பக்கம்)

பதில்: வலிக்கத்தான் செய்யும் தம்பி. முதல் வாரம் ஆலயத்துக்குள்ள நுழைஞ்சப்ப ஒவ்வொரு தலையும் திரும்பியிருக்கும், எனக்குப் புரியுது. குருமடம்ங்கிறது போறவன் எல்லாரும் சாமியாரா வெளிய வரணும்ங்கிற எடம் இல்ல, அழைப்பு இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கத்தான் அத்தனை வருஷம். இல்லன்னு தெரிஞ்சதும் பட்டத்துக்கு முன்னாடியே நேர்மையா வெளிய வந்தீங்க, அதுக்குத் தைரியம் வேணும். பிடிக்காமலேயே பட்டம் வாங்கி, அப்புறம் அந்தப் பங்கு ஜனங்களையும் வாட்டி தானும் வாடுறவங்களை நெனைச்சா, நீங்க செஞ்சது அந்த ஜனங்களுக்கும் நல்லதுதான்.

ஒரு பயம் உங்களுக்கு இருந்தா சொல்லிடறேன், நீங்க ஆன்ம குருகிட்ட பேசுனது எதுவும் வெளிய வந்திருக்காது, ஒரு மாணவனை அனுப்புறதா வச்சுக்குறதான்னு முடிவு பண்றப்ப அவர்கிட்டயோ பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியார்கிட்டயோ கருத்து கேக்கவே கூடாதுன்னு சட்டம். கல்யாணத்துக்கும் தடையே இல்ல, குருவாகப் போறவங்களுக்குக் கல்யாணம் பண்ணக் கூடாதுங்கிற கட்டாயம் டீக்கன் பட்டத்துலதான் வருது. 2022ல புனிதர் பட்டம் பெற்ற நம்ம தேவசகாயம் கல்யாணமான பொதுநிலையினர்தான், அவரைப் பீடத்துல வச்சு வணங்குற ஊர்ல ஒருத்தன் குடும்பஸ்தனா வாழ வந்தா ஏன் குறையாப் பாக்கணும்னு எனக்குத் தெரியல. நம்ம ஜனங்க இதை மாத்திக்கணும், பங்குச் சாமியார்களும் பிரசங்கத்துல இதை வெளிப்படையாச் சொல்லணும்.

கோயில்ல பின்னாடி போய் நிக்காதீங்க. வாசகம் வாசிங்க, பாட்டு தெரிஞ்சா பாடல் குழுவுல சேருங்க, ஆறு வருஷம் படிச்ச வேதம் அந்தப் பங்குக்கு வேணும். பொண்ணு வீட்டுல மறுபடி கேட்டா நீங்க விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க வேண்டாம், உங்க பங்குச் சாமியாரைக் கூட்டிக்கிட்டுப் போங்க, அவர் தயங்குனா எனக்கு எழுதுங்க, நான் வர்றேன்.