ஐப்பசிக்கு முன்னால் கையில் காசு

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், மாதம் 30,000 ரூபாய் அவருடைய கணக்கில் போடுவார், ஏடிஎம் கார்டு என்னிடம். வீட்டுச் செலவு 20,000 ஆகிவிடும். மாமியார், இரண்டு பிள்ளைகள், இரண்டு ஏக்கர் சம்பா. கஜா புயலில் பேங்கில் பணம் இருந்தும் கையில் காசில்லாமல் தவித்தோம். இப்போது ஒரு லட்சம் சேர்த்திருக்கிறேன். நகை வாங்கட்டுமா, ஊரில் நடக்கும் ஏலச்சீட்டில் சேரட்டுமா, டெபாசிட் போடட்டுமா?

பதில்: பேங்கில் இருந்தும் கையில் இல்லை என்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறிய பிறகு உங்கள் பக்கத்தில் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. கரண்ட் இல்லையென்றால் ஏடிஎம் இல்லை, டவர் இல்லை. வீடு வீடாக வந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிய ஜெனரேட்டர்காரர் ரொக்கம்தான் கேட்டார். இப்போதோ காய்கறிக்காரருக்குக்கூடப் போனில்தான் காசு போகிறது, நிலைமை இன்னும் மோசம்.

அதனால் முதல் பத்தாயிரம் வீட்டிலேயே இருக்கட்டும். ஐந்நூறு ரூபாய்த் தாளாக வேண்டாம், புயலுக்கு மறுநாள் யாரிடமும் சில்லறை இருக்காது. நூறும் ஐம்பதுமாக, தண்ணீர் புகாத பையில், பாஸ்புக், பட்டா நகல்களோடு உயரமான இடத்தில் வையுங்கள். இடம் மாமியாருக்கும் தெரிந்திருக்கட்டும். வட்டி போகிறதே என்று கவலை வேண்டாம். சேமிப்புக் கணக்கில் கிடந்தாலும் வருடத்துக்கு முந்நூறு ரூபாய் வந்தால் அதிகம்.

அடுத்த 40,000, அதாவது இரண்டு மாதச் செலவு, உங்கள் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கில். கார்டு கையில் இருந்தாலும் கணக்கு அவருடையது; கார்டு தொலைந்தால் கவுன்டரில் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. மீதி 50,000-ஐ ஒரே டெபாசிட்டாகப் போடாமல் 25,000 வீதம் இரண்டாகப் போடுங்கள். ஒன்றை உடைத்தாலும் மற்றொன்று நிற்கும். ஒரு விஷயம்: 5 லட்சம் வரையிலான டெபாசிட் காப்பீடு பேங்குகளுக்கு உண்டு, கூட்டுறவு பேங்குக்கும் உண்டு, ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிடையாது.

ஏலச்சீட்டு இந்தக் காரியத்துக்கு ஆகாது. சீட்டு பிடிப்பவர் நாணயமானவராகவே இருக்கட்டும். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் சீட்டும் கைமாத்தும் கைகொடுக்கும், ஏனென்றால் அன்று கஷ்டம் உங்களுக்கு மட்டும்தான். புயல் அப்படியில்லை. சீட்டில் இருக்கும் இருபது பேர் வீட்டிலும் ஒரே ராத்திரியில் ஓடு பறக்கும். எல்லோரும் எடுக்கத்தான் வருவார்கள், யார் கட்டுவது?

இதைவிட முக்கியம், காலம். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். நாற்று, நடவு, உரம் என்று கையிருப்பு எல்லாம் வயலில் இறங்கியிருப்பதும் அப்போதுதான். தை அறுவடை வரை வயலிலிருந்து வரவு இல்லை. மழையும் வெறுங்கையும் டெல்டாவில் சேர்ந்தே வரும். ஆகவே இந்த ஒரு லட்சம் செப்டம்பர் கடைசியில் முழுசாக இருக்க வேண்டும். நடவுக் கூலி குறைகிறது என்று இதில் கை வைக்காதீர்கள், அதற்குப் பயிர்க்கடன் வாங்கலாம்.

சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டில் உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். கெடு வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். கடைசி நாள் கூட்டத்தில் போய் நிற்காமல், நட்ட கையோடு விஏஓவிடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற சான்று) வாங்கிக் கட்டிவிடுங்கள். ஆனால் பெரும்பாலும் அந்த வட்டாரத்தின் சராசரி விளைச்சலைப் பார்த்துத்தான் இழப்பீடு, அதுவும் பல மாதம் கழித்துத்தான். அடுத்த சாகுபடிக்கு உதவும், அடுத்த வார அரிசிக்கு உதவாது.

ஐம்பது வயதுக்குள் என்றால் பேங்கில் வருடத்துக்கு 436 ரூபாய் ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் விபத்துக் காப்பீடு இரண்டிலும் சேருங்கள். தலா 2 லட்சம். மே கடைசியில் பிரீமியம் தானாகப் பிடிப்பார்கள், கணக்கில் பணம் இருக்கட்டும்.

அப்புறம் நகை. இருக்கிற நகையே அவசரத்துக்கு அடகு வைக்கப் போதும். புதிதாக வாங்குவதைத் தை மாதம் நெல் போட்ட பணம் வந்ததும் பார்க்கலாம்.