காடும் கார்பனும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் காடுகள் எவ்வளவை எடுத்துக்கொள்கின்றன?

பதில்: நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிவதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி டன் கார்பன் காற்றில் கலக்கிறது, காடழிப்பு சுமார் 100 கோடி டன்னைச் சேர்க்கிறது. இதில் கால் பங்கைக் கடலும், மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாக நிலமும் வாங்கிக்கொள்கின்றன. நிலத்தின் பங்கில் பெரும்பகுதி காடுகளுடையது. நான் சொன்னது கார்பனின் எடை. வாயுவின் எடை வேண்டுமென்றால் 3.67 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். எந்த எண்ணைக் கண்டாலும் அது இவற்றில் எது என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: கரியமில வாயுதான் மரத்துக்கு உணவு என்கிறார்கள். அது கூடினால் காடு செழிக்கத்தானே வேண்டும்?

பதில்: இலையளவில் அது உண்மை. காற்றில் அந்த வாயு மிகும்போது ஒளிச்சேர்க்கை கூடுகிறது. இலைத்துளைகள் குறுகலாகத் திறந்தாலே போதும் என்பதால் நீரும் மிச்சமாகிறது. ஆனால் இலை வாங்குவதெல்லாம் மரக்கட்டையாகிவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், முதிர்ந்த யூகலிப்டஸ் மரங்களைச் சுற்றிக் கோபுரங்கள் எழுப்பி, குழாய்கள் வழியாகக் கரியமில வாயுவைச் செலுத்தும் சோதனை 2012 இல் தொடங்கியது. 2020 இல் வெளியான முடிவின்படி, மரங்கள் வழக்கத்தைவிட 12 விழுக்காடு அதிகமாகக் கார்பனை உள்வாங்கியும், அடிமரம் கூடுதலாகப் பருக்கவில்லை. உள்ளே வந்ததில் பெரும்பகுதி மரங்களின் சுவாசத்தாலும் மண் நுண்ணுயிர்களின் சுவாசத்தாலும் மீண்டும் காற்றுக்கே போய்விட்டது. மரம் வளரத் தேவையான பாஸ்பரஸ் சத்து அந்த மண்ணில் மிகக் குறைவு என்பதே முதன்மையான காரணமாகக் கருதப்படுகிறது.

கேள்வி: அமேசான் உலகுக்கு 20 விழுக்காடு ஆக்சிஜன் தருகிறதா?

பதில்: இல்லை. அது உண்டாக்குவதை ஏறக்குறைய முழுவதுமாக அங்குள்ள உயிர்களே செலவழித்துவிடுகின்றன.

கேள்வி: மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. நடுவது நல்லது, ஆனால் கன்று மரமாகப் பல பத்தாண்டுகள் ஆகும், நிற்கும் காட்டை வெட்டினால் கார்பன் விரைவாக வெளியேறும்.

முன்பு செழிப்பைப் பற்றிக் கேட்டவர் மீண்டும்: நீங்கள் காட்டியது சத்தில்லாத மண். அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பைன் காட்டில் இதே போன்ற சோதனையில் வளர்ச்சி கூடியதே? செயற்கைக்கோள்களும் பூமி பசுமையாகிறது என்கின்றனவே?

பதில்: டியூக்கில் கூடியது; மறுக்கவில்லை. அது இளம் பைன் தோப்பு, அங்கும் நைட்ரஜன் மிகுந்த இடங்களில்தான் பலன் பெரிதாக இருந்தது. டென்னசியின் ஓக் ரிட்ஜ் சோதனையிலோ தொடக்கத்தில் கிடைத்த ஆதாயம் நைட்ரஜன் தட்டுப்பாட்டால் தேய்ந்துவிட்டது. செயற்கைக்கோள் காண்பது இலைப்பரப்பை, மரக்கட்டையை அன்று. பசுமை கூடியதில் கணிசமான பங்கு சீனாவிலும் இந்தியாவிலும் உள்ள வயல்களுடையது. மேலும், மரம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதோடு எவ்வளவு காலம் நிற்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். அமேசானின் மனிதர் வெட்டாத பகுதிகளில் மரங்களை ஒவ்வொன்றாக அளந்துவரும் ஆய்வாளர்கள் 2015 இல் அறிவித்தது இதுதான்: வளர்ச்சி வேகம் மேலும் கூடாமல் நின்றுவிட்டது, மரங்களின் சாவு கூடியிருக்கிறது, அக்காடு சேர்க்கும் கார்பன் 1990களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது.

இடையில் வேறொருவர்: இலையையும் மண்ணையுமே பேசுகிறீர்கள். தீயும் பூச்சியும் எங்கே போயின?

பதில்: நியாயமான குறை. கனடாவில் 2023 ஆம் ஆண்டு மட்டும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஹெக்டேர் எரிந்தது. பூச்சி இன்னும் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. அதே நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் வண்டு பட்டைக்கு அடியில் துளையிட்டு முட்டையிடும்போது, தன்னோடு ஒரு பூஞ்சையையும் கொண்டு வருகிறது. அது மரத்தின் நீரோட்டத்தை அடைத்து, கட்டையை நீலமாக்கிவிடும். முன்பெல்லாம் கடுங்குளிர் அந்த வண்டின் புழுக்களைக் கொன்றுவந்தது. குளிர்காலம் மிதமானதும் அந்தக் காவல் போயிற்று. கார்பனைச் சேர்த்துவந்த காடு வெளியிடும் காடாக மாறியதை 2008 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

கேள்வி: ஆளுக்கு ஒரு மரம் நட்டால் போதாதா?

பதில்: மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: மாடியில் எந்தச் செடி வளர்க்கலாம்?

பதில்: தோட்டக்கலை அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வடதுருவத்தை ஒட்டிய உறைமண் உருகினால்?

பதில்: அதில் உள்ள கார்பன், காற்றில் இருப்பதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. இதுவும் கார்பன் எடைதான். வாயுவின் எடையோடு ஒப்பிட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மொத்தமும் ஒரே நாளில் வெடித்துக் கிளம்பாது. உருக உருக நுண்ணுயிர்கள் மெல்லச் சிதைக்கும், நீர் தேங்கிய இடங்களில் மீத்தேனாகவும் வெளிவரும்.

செழிப்பைப் பற்றிக் கேட்டவர் மூன்றாம் முறை: அப்படியானால் எதைக் கண்டால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?

பதில்: பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் நிற்கும் முதிர்ந்த வெப்பமண்டலக் காட்டில், கூடுதல் வாயுவால் அடிமரச் சுற்றளவு பல ஆண்டுகள் தொடர்ந்து பெருகி, மரங்களின் சாவு அதை விழுங்காமல் இருந்தால் மாற்றிக்கொள்வேன். மனாவுஸ் நகருக்கு அருகே அமேசானில் அதற்கென்றே ஒரு சோதனை அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் அளவீடுகள் வந்தபின் இந்த வாதத்தைத் தொடரலாம். அதுவரை டியூக்கை மட்டும் காட்டி அமேசானுக்கு முடிவு சொல்ல வேண்டாம்.