இடும்பன் மலையைத் தூக்கி வந்தான் என்பதைப் படித்தவர்களும் நம்புவது எப்படி?

சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளை இடும்பன் காவடியாகத் தூக்கி வந்து பழனியில் இறக்கினான் என்பது புராணம். கற்பனை என்று தெரிந்தும் ஏன் நம்புகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெரிந்தேதான். பழனி மலைத்தொடர் பெரும்பாலும் சார்னோகைட் என்ற கடினமான பாறை. பல கோடி ஆண்டு மழையும் வெயிலும் அரித்தது போக மிஞ்சியது. இதைப் பாடம் நடத்துகிற நிலவியல் வாத்தியாரே தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார், வழியில் இடும்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார். முரண்பாடாக எனக்குத் தோன்றவில்லை. பாறை எப்படி வந்தது என்பது அறிவின் கேள்வி. தோளில் இருக்கிற பாரத்தை எங்கே இறக்குவது என்பதற்கு அறிவிடம் பதில் கிடையாது. கற்பனைதான் அதற்கு ஓர் ஆளையும் கதையையும் தருகிறது. அந்தக் கதைக்குள் இறங்கி நடப்பதுதான் நம்பிக்கை. அதுவும் வெறுங்காலோடு, காவடித் தண்டு உரசித் தோள்பட்டை சிவக்கச் சிவக்க.

அதற்காக எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் எழுதிவிட முடியாது. ஒன்பது நச்சுப்பொருள்களைச் சேர்த்துச் செய்ததாகச் சொல்லப்படும் பழனி முருகனின் நவபாஷாணச் சிலைக்கு அபிஷேகம் செய்த பால் நோயைத் தீர்க்கும் என்பது உடம்பைப் பற்றிய பேச்சு; சோதித்துத்தான் ஏற்க வேண்டும். பக்தியோடு குடியுங்கள், சரி. சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.